வாசகர் கேள்வி: அசையாத சூட்டு முள்

கேள்வி: நெல் ஏற்றும் பழைய டீசல் லொறி. எஞ்சினில் இரண்டு சூட்டு சென்சர்கள். மீற்றர் முள் அசையவில்லை. எதை மாற்றுவது?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: பெரும்பாலும் ஒன்று மீற்றருக்கு, மற்றது எச்சரிக்கை விளக்குக்கு. வயர் நிறத்தை நம்பாதீர்கள். பழைய லொறியில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ! சாவியைப் போட்டு, சென்சரிலுள்ள ஒற்றை வயரைக் கழற்றி அதன் முனையை எஞ்சின் இரும்பில் ஒரு நொடி தொடுங்கள். விளக்கு எரிந்தால் அது விளக்கின் சுவிட்ச். முள் ஏறினால் மீற்றரும் வயரும் சரி, பெரும்பாலும் சென்சர்தான் பழுது. இரண்டுமில்லையென்றால் ஃபியூஸையும் வயரையும் பாருங்கள். இரட்டை வயர் உள்ள சென்சரை இப்படிச் சோதிக்கக் கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறியபின் சென்சரைக் கழற்றுங்கள். பழையதைக் கொண்டுபோய்ப் புரியளவை ஒப்பிட்டு வாங்குங்கள். புரியில் டெஃப்லான் நாடா தடிப்பாகச் சுற்றினால் எர்த் (எஞ்சின் இரும்பு வழியான மின் இணைப்பு) தடைப்பட்டு, எஞ்சின் கொதித்தாலும் முள் தாழ்வாகவே நிற்கும்.