பினாங்கு மழைக்கு ஜெனீவா எதற்கு?

கேள்வி: என் கைபேசியில் வரும் வானிலைத் தகவல் எங்கிருந்து வருகிறது? பினாங்கில் மழை பெய்யுமா என்று சொல்ல, உலக நாடுகள் எல்லாம் கூடித் தகவல் பரிமாறத்தான் வேண்டுமா? நம் செலவில் எடுத்த தகவலை ஏன் மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம்?

பதில்:

எனக்கு இதன் விடை கடலில்தான் புரிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2000-இலிருந்து பதினாறு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தேன், பாதிக் காலத்துக்கு மேல் செகண்ட் மேட்டாக, அதாவது இரண்டாம் நிலை அதிகாரியாக. இப்போது பட்டர்வொர்த்தில் கரை வேலை.

செகண்ட் மேட்டுக்கு நள்ளிரவு 12 முதல் 4 வரை வாட்ச், மறுபடி பகல் 12 முதல் 4 வரை. பினாங்கைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் போய்விட்டோம், கப்பல் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நேரம் இரவு 2 மணி என்றால் உலகப் பொது நேரம் முந்தின நாள் 18 மணி. 00, 06, 12, 18 என்று இந்த நான்கு நேரங்களில், பூமியின் எந்த மூலையில் இருந்தாலும், வானிலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கருவிகளைப் பார்க்கிறார்கள். தூங்கும் ஊரிலும் பார்க்கிறார்கள், விடிந்த ஊரிலும் பார்க்கிறார்கள். பக்கத்தில் லுக்அவுட் ஆளை நிறுத்திவிட்டு நானும் பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் அறை) ஓரத்துக்குப் போவேன். உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். உள்ளே வந்து காற்றழுத்தமானி. அப்புறம் காற்றின் திசை, வேகம், அலையின் உயரம், தூரத்திலிருந்து வரும் பெருவீச்சு, வானத்தை எட்டுப் பங்காக வைத்து அதில் எத்தனை பங்கு மேகம் என்ற கணக்கு. அமாவாசை இரவில் மேகம் பார்ப்பதற்கு ஒரே வழி, எந்த நட்சத்திரம் காணாமல் போயிருக்கிறது என்று தேடுவதுதான்.

பார்த்ததை எல்லாம் ஐந்து இலக்க எண்களாக மாற்றுவோம். 10274 என்றால் வெப்பநிலை 27.4 டிகிரி. 40085 என்றால் கடல்மட்ட அழுத்தம் 1008.5 ஹெக்டோபாஸ்கல் (ஆயிரத்துக்கான 1-ஐ எழுதுவதில்லை). முதல் இலக்கம் எதைப் பற்றிய தகவல் என்று சொல்லும், மீதி அளவு. இந்த எண்களில் மொழி கிடையாது. பிலிப்பினோ மாலுமி எழுதியதை நார்வேக்காரர் படிக்கலாம், மியன்மார்க்காரர் எழுதியதைச் சென்னையில் படிக்கலாம். கரையில் உள்ள நிலையங்களுக்கும் இப்படித்தான் எண் உண்டு. பினாங்கு பாயான் லெப்பாஸ் 48601. சென்னை மீனம்பாக்கம் 43279. நம் தீபகற்பம் 48 என்ற தொகுதியில் தாய்லாந்து, மியன்மார், வியட்நாம், சிங்கப்பூரோடு சேர்ந்து இருக்கிறது. போர்னியோ தீவில் உள்ள நம் கூச்சிங்கோ 96413, அது இந்தோனேசியாவோடு ஒரே தொகுதி. ஒரே நாட்டுக்கு இரண்டு தொகுதி. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் செய்தியைச் செயற்கைக்கோள் வழியே அனுப்பும் இன்மார்சாட்-சி கருவியில் ஏற்றி, முகவரி இருக்கும் இடத்தில் 41 என்று போடுவோம். இதைக் கொஞ்சம் கவனியுங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுதான் வாசல். சாதாரணச் செய்தி எது அனுப்பினாலும் கப்பல் கம்பெனிக்குக் கட்டணம் வரும். 41-க்கு வராது. செயற்கைக்கோள் வழியாகத் தகவல் கரையில் இறங்கியதும் ஏதோ ஒரு நாட்டின் வானிலைத் துறை அந்தக் கட்டணத்தைத் தன் கணக்கில் ஏற்றுக்கொள்கிறது. மலேசியர் ஒருவர், வேறொரு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலிலிருந்து, யாருக்கும் சொந்தமில்லாத கடலைப் பற்றி அனுப்பும் தகவலுக்கு, முன்பின் தெரியாத ஒரு நாடு காசு கட்டுகிறது. முதல் முறை கேப்டன் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை.

சரி, பினாங்குக்கு இது எதற்கு?

பிறை ஊரில் என் மைத்துனர் பந்தல் வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், காதுகுத்து, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் என்று வருடம் முழுக்க வேலை. போன வருடம் ஒருநாள் விடியற்காலையில் போன் செய்தார்: "மச்சான், ராத்திரி பாத்தப்ப போன்ல ஒண்ணும் காட்டல. நாலரை மணிக்குக் காத்து வந்து ரெண்டு பந்தலைத் தூக்கிருச்சு." அந்தக் காற்றுக்கு மாலுமிகள் வைத்த பெயரே 'சுமத்ரா' என்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதன் முன்பின் மாதங்களிலும், இரவில் சுமத்ரா மலைப்பக்கத்திலும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகச் சேர்ந்து, கிழக்கே நகர்ந்து, விடியும் நேரத்தில் நம் மேற்குக் கரையில் அடிக்கும். பினாங்கு, கிள்ளான், மலாக்கா எல்லாம் வாங்கியிருக்கின்றன.

அந்த வரிசை பிறப்பது வேறொரு நாட்டில். அது பிறக்கும் முன் அங்குள்ள ஈரப்பதம் என்ன, மேலே எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை இந்தோனேசிய நிலையங்கள்தான் அளந்து சொல்ல முடியும். பிறந்த பிறகு மேலிருந்து படம் பிடிப்பது ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள். ஹிமாவாரி என்றால் ஜப்பானிய மொழியில் சூரியகாந்தி. 2015-இலிருந்து பூமியின் இந்தப் பக்கம் முழுவதையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்து, சுற்றியுள்ள நாடுகளுக்கு எல்லாம் ஜப்பான் கொடுத்துவருகிறது. கரையை நெருங்கும்போது நம் ரேடார் பார்க்கும். இவ்வளவு இருந்தும், இந்த இடத்தில் இந்த நேரத்தில் அடிக்கும் என்று முந்தின இரவே அடித்துச் சொல்வது கடினம். சில மணி நேர அவகாசம்தான் கிடைக்கும். மைத்துனரிடம் நான் சொன்னது, படுக்கும்போது பார்த்தால் போதாது, மூன்று மணிக்கு எழுந்து மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள் என்று. இப்போது பெரிய வேலை இருக்கும் நாட்களில் பார்க்கிறார்.

சில நேரம் அவகாசமே கிடைக்காத ஊரில்தான் தகவலின் அருமை தெரியும். 2001 டிசம்பர் 27, வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றரை டிகிரிக்குப் பக்கத்தில் புயல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ரேகைக்கு அவ்வளவு கிட்டத்தில் காற்று சுழலப் பூமியின் சுழற்சி உதவாது என்றுதான் எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நான் அப்போது கடெட், பயிற்சியில் இருந்தவன். அந்தச் சமயம் புயலுக்குள் சிக்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அளந்து அனுப்பிய காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். செயற்கைக்கோள் படத்தில் ஒரு சின்னச் சுழி என்று தெரிந்தது, உள்ளே இருந்தவர்களின் அளவுகளால்தான் டைபூன் (கடும்புயல்) என்று பதிவானது. அதன் பிறகு இரவு 2 மணி அளவீட்டை நான் ஒருநாளும் கண்மதிப்பில் இட்டு நிரப்பியதில்லை.

மழையும் அப்படித்தான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியது நமக்கு மறக்காது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் கூரைவரை தண்ணீரில் நின்றது, தென்சீனக் கடலிலிருந்து தீபகற்பத்தைக் கடந்து வந்த தாழ்வழுத்தத்தால். கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழையைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் தேடினால், அது தலைமேல் வந்த பிறகுதான் தெரியும். இரண்டு நாள் முன்பே தெரிய வேண்டுமென்றால் தென்சீனக் கடலைச் சுற்றிய எல்லா நாடுகளின் அளவுகளும் வேண்டும். பத்து நாள் முன்பே என்றால் உலகம் முழுவதும் வேண்டும், ஏனென்றால் பத்து நாளில் காற்று உலகத்தையே சுற்றி வந்துவிடும். உங்கள் கைபேசிச் செயலியின் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஓடும் ஒரு கணினிக் கணிப்பு நிரல். அது பினாங்கைக் கணக்கிட, முதலில் பூமி முழுவதும் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இந்தப் பகிர்வு எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1873-இல் வியன்னாவில் கூடி நாடுகள் ஒரு சங்கம் வைத்தன. அது 1950 மார்ச் 23 அன்று உலக வானிலை அமைப்பானது. ஜெனீவாவில் தலைமையகம், இன்று 193 உறுப்பினர்கள். இரண்டாம் உலகப் போரில் வானிலைத் தகவல் ராணுவ ரகசியமாக இருந்தது, எதிரிக்கு மேகம் தெரிந்தால் குண்டு போட வருவான் என்று. அப்புறம் பனிப்போர். அந்தக் காலத்தில்தான், 1961-இல் ஐ.நா. பொதுச்சபை கேட்டுக்கொண்டதற்காக, அமெரிக்காவின் ஹாரி வெக்ஸ்லரும் சோவியத் ஒன்றியத்தின் விக்டர் புகாயெவும் ஜெனீவாவில் உட்கார்ந்து ஒரே திட்டத்தை எழுதினார்கள். எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும், அளந்ததை ஒரே வலையில் போட வேண்டும், அதை வைத்துப் பெரிய மையங்கள் கணித்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1963-இல் 'உலக வானிலைக் கண்காணிப்பு' என்ற பெயரில் அதை உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டது. அன்றைய மூன்று உலக மையங்கள் வாஷிங்டன், மாஸ்கோ, மெல்பர்ன். அப்போது கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏவுகணைகளை ஒருவர் மீது ஒருவர் குறிவைத்துக்கொண்டே காற்றழுத்தத்தைப் பரிமாறிக்கொண்டார்கள். மனிதர்கள் சேர்ந்து செய்தவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

அன்று போட்ட தகவல் பாதையில்தான் சுனாமி எச்சரிக்கையும் இன்று ஓடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. பிறகு அமைத்தபோது, ஒவ்வொரு நாட்டின் வானிலைத் துறைக்கும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த இந்த வழி கைகொடுத்தது.

இலவசம் பற்றி. எண்பது, தொண்ணூறுகளில் சில நாட்டு வானிலைத் துறைகள் தகவலை விற்றுக் காசு பார்க்கத் தொடங்கின. பகிர்வு உடைந்துவிடும் என்ற பயம் வந்தது. 1995-இல் உலக வானிலை அமைப்பு தீர்மானம் 40-ஐ நிறைவேற்றி, அடிப்படைத் தகவல்களை எந்தத் தடையும் கட்டணமும் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்றது. 2021-இல் அதற்குப் பதிலாகக் கடல், பருவநிலை, நீர்நிலை எல்லாவற்றையும் சேர்த்த புதிய கொள்கை வந்தது. கூடவே ஒரு கணக்கும் வந்தது. தரையில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமாவது மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும், மேல்காற்றை 500 கிலோமீட்டருக்கு ஒரு இடத்திலாவது தினம் இரண்டு முறை பலூன் விட்டு அளக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் இதற்குப் பணம் இல்லாத நாடுகள் பல உண்டு. அவர்களுக்கு நிதி கொடுக்கத் தனி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அது தர்மம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வானத்தில் ஓட்டை இருந்தால் நம் கணிப்பிலும் ஓட்டை.

ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று 2020-இல் ஓரளவு பார்த்தோம். பயணிகள் விமானங்கள் பறக்கும்போது வெப்பநிலையும் காற்றும் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கோவிட் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றதும் அந்தத் தகவல் முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததாக உலக வானிலை அமைப்பு சொன்னது. சில நாடுகள் கூடுதலாகப் பலூன் விட்டு ஈடுகட்டின. 2025-இல் அமெரிக்காவிலேயே ஆள் பற்றாக்குறையால் சில நிலையங்களில் பலூன் விடுவதை நிறுத்தினார்கள், குறைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு சரியில்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாத ஏற்பாடு இது. ஒவ்வொரு நாடும் தினமும் செய்துகொண்டே இருப்பதால் மட்டும் நிற்கிறது.

நாம் கொடுப்பதற்குப் பதிலாக நமக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தால், மலேசியா தருவது பாயான் லெப்பாஸ், கோத்தா பாரு, குவாந்தான், சிப்பாங், கூச்சிங், கோத்தா கினபாலு போன்ற இடங்களின் பலூன்கள், தரை நிலையங்களின் எண்கள். பெறுவது ஒரு கோள் முழுவதன் எண்கள். நம்மால் ஒரு செயற்கைக்கோளை அங்கே நிறுத்த எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் தீவில் இருப்பவர் என்றால், காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் பாயான் லெப்பாஸ் விமான நிலையப் பக்கம் வானத்தைக் கவனியுங்கள். ஒரு பலூன், அதன் கீழே நூலில் ஒரு சின்னப் பெட்டி. நிமிடத்துக்கு முந்நூறு மீட்டர் வேகத்தில் ஏறும். முப்பது கிலோமீட்டர் உயரம்வரை போய், காற்று மிகவும் மெலிந்த இடத்தில் ஊதிப் பெருத்து வெடிக்கும். அதற்குள் அது அளந்ததெல்லாம் 48601 என்ற எண்ணோடு வெளிநாட்டுக் கணினிகளுக்குக் கிளம்பியிருக்கும். இரவு எட்டு மணி அளவீட்டுக்கு இன்னொன்று போகும்.