செயின்ட் ஐவ்ஸ் முத்திரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். பிரிட்டனின் கைவினை மட்பாண்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, சனிக்கிழமையானால் சாரிட்டி கடைகளை ஒரு சுற்று சுற்றிவரும் பழக்கம் வந்துவிட்டது. போன மாதம் எட்டு பவுண்டுக்கு ஒரு ஜக் கிடைத்தது. உடம்பெல்லாம் கறுப்புப் பளபளப்பு, விளிம்பில் மட்டும் துருநிறம். கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு முத்திரை: எஸ், ஐ என்ற எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கூடவே இரண்டு புள்ளிகள்.

பழம்பொருள் சந்தையில் ஒருவரிடம் காட்டினேன். "பெர்னார்ட் லீச் கையால் செய்தது, விற்றுவிடாதே" என்றார். அடுத்த மேசைக்காரர், "பி.எல். முத்திரை இல்லை, காசு பெறாது" என்றார். யார் சொல்வது சரி? ஒரு பாண்டத்தைச் செய்தவர் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைப் போன்ற சம்பளக்காரன் இதில் இறங்கலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பி,

இரண்டு பேருமே அவசரப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் முத்திரை கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸில் இருக்கும் லீச் பட்டறையுடையது. 1920-இல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானிலிருந்து அவரோடு வந்த குயவர் ஷோஜி ஹமாடாவும் சேர்ந்து தொடங்கியது. அந்த முத்திரை பட்டறையைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. லீச் தன்னுடையது என்று வெளியே அனுப்பியவற்றில் பட்டறை முத்திரைக்குப் பக்கத்தில் பி.எல். என்றும் இருக்கும். அது இல்லாத உங்கள் ஜக், விவரத்தை வைத்துப் பார்த்தால், அந்தப் பட்டறையின் 'ஸ்டாண்டர்ட் வேர்' வகை.

காசு பெறாது என்று சொன்னவர்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஸ்டாண்டர்ட் வேர் எப்படி வந்தது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 1930-களில் பட்டறைக்குப் பணமுடை. மகன் டேவிட் லீச் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் போய், பீங்கான் ஆலைக்காரர்களுக்கான தொழிற்கல்லூரியில் முறையாகப் படித்துவிட்டு வந்தார். எண்ணெயில் எரியும் சூளை வந்தது. உயர்ந்த சூட்டில் வேகும் ஸ்டோன்வேருக்குப் பட்டறை மாறியது. உள்ளூர்ப் பையன்களை வேலைக்குச் சேர்த்து, சாதாரணக் குடும்பங்கள் தினமும் புழங்கக்கூடிய கிண்ணம், ஜக், குவளை, மூடிபோட்ட சட்டி என்று ஒரு வரிசையையே உருவாக்கினார்கள். அதில் யாருடைய தனி முத்திரையும் கிடையாது. ஒரே அளவு ஜக்கை நாள் முழுக்கச் சக்கரத்தில் வனைந்து பழகிய கைகள் அவை. 1938-இல் சிறுவனாகச் சேர்ந்த வில்லியம் மார்ஷல் 1977 வரை அங்கேயே இருந்தார். லீச்சின் வயதான காலத்தில் பெரிய பாண்டங்களில் பலவற்றை, லீச் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து, சக்கரத்தில் ஏற்றியவர் அவர்தான். ஆக, பி.எல். முத்திரை இருந்தாலும் வனைந்த கை யாருடையது என்ற கேள்வி முடிவதில்லை.

அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது: முத்திரையைக் கடைசியில் பாருங்கள். லீச் 1979-இல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஃபெதர்ஸ்டோன் சிறையில் மட்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகள் செய்த போலி லீச் பாண்டங்கள் பெரிய ஏலக்கூடங்கள் வரை போய் விலையானது வெளியே வந்தது. முத்திரை என்பது பச்சை மண்ணில் அழுத்தும் ஒரு சின்ன அச்சு. அதைச் செதுக்கிக்கொள்வது பெரிய வேலையில்லை.

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் இணைய ஏலத்தில், அடியில் எல்.ஆர். என்று பதிந்த ஒரு வெள்ளைக் கிண்ணத்தை, லண்டனின் பேர்பெற்ற குயவர் லூசி ரீயுடையது என்று நம்பி 140 பவுண்டுக்கு எடுத்தேன். விற்றவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததுமே மனசு சொல்லிவிட்டது. அடிப்பாகம் செங்கல்போலக் கனத்தது. அடிவட்டம் தடித்து, சீவாமல் விட்டதுபோல இருந்தது. அதே எழுத்தில் தொடங்கும் பெயர்கொண்ட வேறு யாரோ அன்போடு செய்த கிண்ணம். அதில் இப்போதும் தயிர் உறைகிறது. எழுத்தைப் பார்த்த அவசரத்தில் மண்ணைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, மண்ணை எப்படிப் பார்ப்பது? உங்கள் ஜக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்து வைத்து, மெருகு (சூளையில் உருகிப் படியும் கண்ணாடி போன்ற பூச்சு) ஏறாத அடிவட்டத்தில் விரலை ஈரமாக்கித் தடவுங்கள். ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சினால் குறைந்த சூட்டில் சுட்ட மண். உறிஞ்சாமல் மேலேயே நின்றால் உயர்ந்த சூட்டைக் கண்ட ஸ்டோன்வேர். அப்புறம் உள்ளங்கையில் நிறுத்தி விரல்முட்டியால் தட்டுங்கள். ஊரில் பானை வாங்கும்போது செய்வதுதான். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் எங்கோ விரிசல் இருக்கிறது, அல்லது ஒட்டவைத்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். விளிம்புகளில் இந்த ஒட்டுவேலை நிறைய.

அடுத்தது கைப்பிடி. நான் ரொம்ப நேரம் பார்ப்பது இதைத்தான். நல்ல பட்டறையில் ஈரக்கையால், பால் கறப்பதுபோல, மண்ணை உருவி உருவி நீட்டுவார்கள். அப்படி வந்த கைப்பிடி மேலே தடித்து, போகப்போக மெலிந்து, கீழே ஜக்கின் உடம்போடு சேரும் இடத்தில் கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தப்பட்டிருக்கும். என் வீட்டுப் பால் ஜக்கும் உங்களுடையதைப் போலவே செயின்ட் ஐவ்ஸ் வேலைதான். அதில் அந்த விரல் பதிந்த குழிக்குள் மெருகு தேங்கி மை மாதிரி கறுத்திருக்கிறது, குழியின் கரையில் மெலிந்து துருநிறமாகியிருக்கிறது. உங்கள் ஜக்கின் விளிம்பில் நடந்திருப்பதும் அதேதான். இரும்புச்சத்து மிகுந்த அந்தக் கறுப்பு மெருகுக்கு டென்மோகு என்று பெயர். தடித்த இடத்தில் கறுப்பு, மெலிந்த இடத்தில் துரு. தூரிகையால் தீட்டிய நிறம் இல்லை, சூளையில் தானாக வருவது.

இதற்கு எதிர்ச்சாட்சி ஒன்றும் உண்டு. கைவினைப் பாண்டம் மாதிரியே பழுப்பு நிறத்தில் ஆலைகளும் நிறையச் செய்தன. ஜக்குக்குள் விரலை விட்டு, கைப்பிடி சேரும் இடத்துக்கு நேர் உள்பக்கம் தடவிப் பாருங்கள். ஓட்டையோ குழியோ தட்டுப்பட்டால், கூழ் மண்ணை அச்சில் ஊற்றிக் கைப்பிடியோடு சேர்த்தே வார்த்தது. விரல் ஓடிய வளையங்கள் தட்டுப்பட்டால் சக்கரத்தில் வந்தது.

ரீயின் பாண்டங்களுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. 1938-இல் வியன்னாவை விட்டு லண்டனுக்குத் தப்பி வந்தவர். ஹைட் பார்க்குக்குப் பக்கத்தில் ஆல்பியன் மியூஸ் என்ற சந்தில் பட்டறை வைத்து, போர்க்காலத்தில் துணிக்கடைகளுக்குப் பீங்கான் பொத்தான் செய்து பிழைத்தார். 1946-இல் அங்கே வேலை தேடி வந்தவர் ஹான்ஸ் கோப்பர். இருவரும் சேர்ந்து செய்த காப்பிக் குவளை, ஜக், கிண்ணங்களில் பல வெளியே மாங்கனீசின் கரும்பழுப்பு, உள்ளே வெள்ளை. சிலவற்றில் எல்.ஆர்., எச்.சி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரீ, இன்னும் சுடாத பச்சைப் பாண்டத்தின்மேலேயே மெருகைப் பூசி ஒரே முறை மின்சூளையில் சுட்டார். செயின்ட் ஐவ்ஸின் புகைச்சூட்டில் வரும் நிறம் அங்கே கிடையாது. மெல்லிய விளிம்பு, ஒடுங்கிய அடி.

முத்திரையால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். குயவர் மைக்கேல் கார்டியூ விஷயத்தில் அது ஒருவரின் வாழ்க்கைப் பாதையையே காட்டிவிடும். அவருடைய எம்.சி. முத்திரையோடு வின்ச்கூம் பட்டறை முத்திரை இருந்தால் 1926-இலிருந்து 1939 வரை. வென்ஃபர்ட் பிரிட்ஜ் முத்திரை என்றால் அதற்குப் பிறகு. அபுஜா என்றால் 1951-க்குப் பின் நைஜீரியாவில் செய்தது. ஒன்று கவனம்: அவருடைய வின்ச்கூம் காலப் பாண்டங்கள் காரீய மெருகு பூசிக் குறைந்த சூட்டில் சுட்டவை. புளிப்பு பட்டால் அந்த நச்சு கரைந்து இறங்கும். புளிக்குழம்போ ரசமோ அதில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அலமாரியில் இருக்கட்டும்.

சம்பளக்காரன் இறங்கலாமா என்று கேட்டீர்கள். யார்க் நகரக் கலைக்கூடத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். அங்கே இருக்கும் டபிள்யூ. ஏ. இஸ்மே தொகுப்பு ஒரு நூலகரின் சம்பளத்தில் சேர்ந்தது. வேக்ஃபீல்டில் வரிசைவீடு ஒன்றில் தனியாக இருந்தவர். 1955-இல் வாங்கத் தொடங்கி, 2001-இல் இறக்கும்போது 3,600-க்கும் அதிகமான பாண்டங்கள், 500-க்கும் மேற்பட்ட குயவர்கள். சாப்பிடுவதும் தேநீர் குடிப்பதும் அந்தப் பாண்டங்களில்தான். பெரிய பெயரென்று தேடாமல், அன்று பட்டறையில் உட்கார்ந்து வனைந்துகொண்டிருந்தவர்களிடம் வாங்கினார். இன்று அந்தக் காலத்துக் குயவர்களைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அருங்காட்சியகத்தில் கண்ணாடி குறுக்கே நிற்கும். கை பழக வேண்டுமென்றால் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் போங்கள். வாங்க வேண்டாம். கேட்டால் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். ஒரே நாளில் முப்பது பாண்டங்களைத் தூக்கி, கவிழ்த்து, தடவிப் பார்த்துவிட்டு வரலாம்.

உங்கள் ஜக்கில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நிறுத்தும்போது வாயிலிருந்து ஒரு சொட்டும் கீழே வழியாமல் வெட்டிக்கொண்டு நின்றால், வனைந்தவர் எத்தனையோ நூறு ஜக் செய்து கை தேறியவர். அப்புறம் பகல் வெளிச்சத்தில், அடிவட்டத்தை ஒரு படமும் கைப்பிடியின் கீழ்முனையை ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். முத்திரையின் படம் அடுத்த கடிதத்தில் வந்தால் போதும்.

அன்புடன்,
அக்கா