கல்யாணம் ஆகாதவள் என்றால் எல்லாத் தீபாவளிக்கும் டூட்டியா?

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 27, திருமணம் ஆகவில்லை, நாலு வருடமாக அங்கேதான் வேலை. அவர் கடிதத்தில் முக்கியமான பகுதி இது:

"தீபாவளி, பொங்கல், பங்குனி உத்திரம் மூணுக்கும் மூணு வருஷமா எனக்குத்தான் டூட்டி. கேட்டா, உனக்கென்ன புள்ளையா குட்டியா, அவங்களுக்குக் குடும்பம் இருக்குன்னு நர்சிங் சூப்பிரண்டு சொல்லுதாங்க. போன உத்திரத்துக்கு வீட்டுல எல்லாரும் வேன் பிடிச்சு சாஸ்தா கோயிலுக்குப் போனாங்க, நான் ஐசியூவுல நின்னேன். காம்ப் ஆஃப் (லீவு நாள் வேலைக்குப் பதிலா வேற நாள் லீவு) தருதோம்னு வாயால சொல்லுவாங்க, எங்கயும் எழுத மாட்டாங்க. மூணு வருஷத்துல 17 லீவு நாள் வேலை பார்த்திருக்கேன், ரெண்டு ஆஃப்தான் கிடைச்சுது. ரொம்பக் கேட்டா, உன் ஒரிஜினல் சர்டிஃபிகேட் எங்ககிட்டதானே இருக்குங்காங்க. சட்டப்படி என்ன செய்யலாம்?"

தங்கச்சி, முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளியன்று உங்களுக்கு லீவு விட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் மருத்துவமனையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐசியூவைப் பூட்டிவிட்டுப் போக முடியாது, யாராவது நிற்கத்தான் வேண்டும். கல்யாணம் ஆகாதவர் தலையில் அதிகமாகக் கட்டக்கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டமும் கிடையாது. அரசியல் சாசனத்தின் சமத்துவப் பிரிவுகளைக் காட்டித் தனியார் முதலாளியை மடக்குவதும் சுலபமில்லை. ஆனால் உங்களை இலவசமாகவோ, வாய்மொழியாகவோ லீவு நாளில் நிறுத்த முடியாது. நீங்கள் பிடிக்க வேண்டிய நுனி அதுதான்.

தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளும், அதோடு வருடத்துக்கு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை, ஆக மொத்தம் ஒன்பது. அந்த நாளில் வேலைக்கு அழைக்க வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேலை பார்த்துவிட்டால், ஒன்று இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் வேறொரு நாளில் சம்பளத்தோடு மாற்று விடுப்பும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்த இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்குத்தான். "எங்க ஆஸ்பத்திரியில காம்ப் ஆஃப் மட்டும்தான், காசு கிடையாது" என்று நிர்வாகம் முடிவு செய்ய முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சம்பளம் மாதம் 15,600 என்று வைத்துக்கொள்ளுங்கள், வார லீவு போக மாதத்துக்கு 26 வேலை நாள், 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 600. லீவு நாளில் வேலை பார்த்தால் 1,200 வர வேண்டும், அதில் 600 மாதச் சம்பளத்திலேயே அடங்கிவிட்டது, மீதி 600 கூடுதலாகத் தர வேண்டும். நீங்கள் சொன்ன 17-இல் கிடைத்த 2 ஆஃபைக் கழித்தால் 15 நாள், எல்லாமே அந்த ஒன்பதுக்குள் வருபவை என்றால் 9,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் இதைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். லீவு நாள் டூட்டி நிர்வாகத்துக்கு ஓசியில் கிடைக்கும்வரை அது யார் எதிர்த்துப் பேசமாட்டாரோ அவர் தலையில்தான் விழும். ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ் எழுதி, பணம் எண்ணிக் கொடுத்து, ரெஜிஸ்டரில் பெயர் பதிய வேண்டும் என்று வந்துவிட்டால், ஒரே பெயர் பதினேழு தடவை வருவது எல்லோர் கண்ணிலும் படும், கூடுதல் காசு வேண்டும் என்று தானாகவே டூட்டி கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள்.

சரி, மருத்துவமனைக்கு இந்தச் சட்டம் பொருந்துமா? நிர்வாகத்தின் வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். கம்பெனியாகப் பதிவு செய்து நடத்தும் மருத்துவமனை என்றால் தப்பிப்பது கஷ்டம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் வரையறையிலேயே கூட்டுப் பங்கு நிறுவனம், அதாவது கம்பெனி, வந்துவிடுகிறது, இந்த விடுமுறைச் சட்டமும் அந்த வரையறையைத்தான் எடுத்துக்கொள்கிறது. டிரஸ்ட் என்றால் வாதம் நீளும். அதனால் உங்கள் மருத்துவமனை எந்தப் பெயரில், எந்தப் பதிவில் நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள், சம்பளச் சீட்டின் தலைப்பிலேயே பெரும்பாலும் இருக்கும். (ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாதிரி அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு அரசு விதிகள் தனி.)

பங்குனி உத்திரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அந்த வரியைப் படித்தபோது எனக்கே மனசு கனத்துவிட்டது. நம்ம ஊரில் வெளியூர்ப் பிள்ளைகள் தீபாவளிக்கு வராவிட்டாலும் உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவார்கள், வருடத்துக்கு ஒருமுறை பங்காளிகள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் நாள். ஆனால் அது தானாகவே உங்கள் விடுமுறைப் பட்டியலில் வராது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குக் கலெக்டர் விடும் உள்ளூர் விடுமுறையும் அப்படித்தான், அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் உரியது, தனியார் மருத்துவமனையைக் கட்டாது. ஆனால் அந்த ஐந்து பண்டிகை நாட்கள் எவை என்பதைத் தொழிலாளர்களையும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். பாளையங்கோட்டை மாதிரி ஊரில் ஒரே வார்டில் கிறிஸ்துமஸ் கேட்கிறவரும், ரம்ஜான் கேட்கிறவரும், உத்திரம் கேட்கிறவரும் சேர்ந்து வேலை பார்க்கிறீர்கள். இதைவிட நல்ல வசதி வேறென்ன வேண்டும்? அவரவர் பண்டிகைக்கு அவரவர் வீட்டில், மற்றவர் பண்டிகைக்கு டூட்டியில் என்று எழுதி வைத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வருடப் பட்டியல் தயாராகும்போது எத்தனை பேர் வாய் திறந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பாரபட்சம் பற்றியும் சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. தகுதியைப் பார்க்காமல் தொழிலாளர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் சலுகை காட்டுவதை நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறுகள் சட்டம் 1947-இன் ஐந்தாம் அட்டவணை சொன்னது, அதன் இடத்துக்கு வந்த 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஒருவர் தனியாக இதை வைத்து ஜெயிப்பது கடினம் என்பதை மறைக்க மாட்டேன். அதே நிலையில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கதை வேறு. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன்பேரில் அமைந்த குழுவும், தனியார் நர்ஸ்களுக்கு லீவு, வேலை நேரம் எல்லாம் மாநில அரசு நர்ஸ்களுக்கு நிகராக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் ஆகிவிடவில்லை. ஆனாலும் மனுவில் ஒரு பத்தி எழுதலாம்.

இனி ஆதாரம். முன்பு என்னிடம் வந்த ஒரு சிஸ்டர், தாள் கிழிக்கும் காலண்டரில் ஒவ்வொரு லீவு நாளின் தாளையும் கிழித்து, பின்பக்கம் 'நைட், எட்டு டு எட்டு, கூட யார் யார்' என்று எழுதி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். அந்தக் கட்டை மேஜையில் வைத்ததும் எதிர்த்தரப்பு, நாள் கணக்கில் சண்டை போடவில்லை. நீங்கள் டூட்டி சார்ட்டைப் போட்டோ எடுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வந்த டூட்டி மெசேஜ்களைச் சேமித்து வையுங்கள், சம்பளச் சீட்டு, பேங்க் வரவு எல்லாம் எடுத்து வையுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க எழுதும் ஹேண்ட் ஓவர் புத்தகத்தை மட்டும் போட்டோ எடுக்காதீர்கள், அதில் நோயாளி விவரம் இருக்கும், பிரச்சினை உங்கள் பக்கம் திரும்பிவிடும். கோபத்தில் சொல்லாமல் டூட்டிக்கு வராமல் இருப்பதும் வேண்டவே வேண்டாம். இப்போது நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஒரே நாளில் அதைத் தூக்கி அவர்கள் கையில் கொடுத்துவிடுவீர்கள்.

அப்புறம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், தமிழிலேயே எழுதலாம். எந்தெந்தத் தேதி வேலை பார்த்தேன், இரட்டைச் சம்பளத்தைத் தேர்ந்தெடுக்கிறேன் (அல்லது மாற்று விடுப்பை), இனி பண்டிகை டூட்டியைச் சுழற்சி முறையில் போட்டு மூன்று மாதத்துக்கு முன்பே ஒட்டுங்கள். இவ்வளவு போதும், நர்சிங் சூப்பிரண்டைத் திட்டி ஒரு வார்த்தைகூட வேண்டாம், அவரும் ஆள் பற்றாக்குறையில் தவிக்கிறவர்தான். ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் நெல்லையில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 2-க்கும் கடை ஹோட்டல்களில் சோதனை நடத்தி, விடுமுறையோ இரட்டைச் சம்பளமோ தராதவர்கள்மேல் நடவடிக்கை என்று பேப்பரில் செய்தி வருமே, அதைச் செய்கிறவர்கள் இவர்கள்தான். சுகாதாரத் துறை இணை இயக்குநரிடம் போய் அலையாதீர்கள், மருத்துவமனைப் பதிவு அவர் வேலை, உங்கள் லீவு அவர் வேலை இல்லை.

சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதி வாங்கியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், சான்றிதழைப் பிணையாக வைக்க முடியாது. திருப்பித் தரச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் போடுங்கள், இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டாம். விடுமுறைச் சம்பளக் கடிதம் முதலில் போகட்டும், சர்டிஃபிகேட் கடிதம் அது போய்ச் சேர்ந்து ஒப்புகை உங்கள் கைக்கு வந்த பிறகு.