படகு அலையும் கரை அரிப்பும்: கேள்வி பதில்

கரைக் காப்புப் பணியில் நெடுநாள் இருந்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கப்பல் போனால் ஆற்றின் ஓட்டம் மாறுமா?

போகும் நேரத்துக்கு மாறும். கப்பல் முன்னே நகர, அது விலக்கிய நீர் பின்னோக்கி ஓடியாக வேண்டும். அகன்ற ஆற்றில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒடுங்கிய ஆற்றிலோ கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அந்த நீர் வேகம் பிடிக்கிறது, மட்டம் தாழ்கிறது. கரையில் நின்று பாருங்கள். சரக்குக் கப்பல் நெருங்கியதும், அலை வருவதற்கு முன்பே தண்ணீர் இறங்கிவிடும். நாணல் வேர்கள் வெளியே தெரியும், சேற்றில் நத்தைகள் கிடக்கும். கப்பலின் பின்பகுதி கடந்ததும் உள்வாங்கிய நீர் மொத்தமாகத் திரும்பிக் கரையின் அடியை அறையும். ஊறிய கரைக்குள் தேங்கிய நீர் நுண்மண்ணை இழுத்துக்கொண்டு கசிவதும் மட்டம் தாழும் அந்த இடைவெளியில்தான்.

குளிக்கும் துறையில், துணி துவைக்கும் படியில் தண்ணீர் திடீரென இறங்கினால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேலேறுங்கள்.

கேள்வி: அப்படியானால் பெரிய கப்பல்தானே குற்றவாளி?

வேகம்தான் முதல் குற்றவாளி. 4 மீட்டர் ஆழமுள்ள நீரில் படகின் வேகம் மணிக்கு சுமார் 22 கிலோமீட்டரை நெருங்கும்போது அலைகள் சட்டென்று பெருகுகின்றன. அலையின் உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள கார்டன் நதியில் சரக்குப் போக்குவரத்தே கிடையாது. காட்டைக் காட்ட வந்த சுற்றுலாப் படகுகளின் அலையே அங்கே கரையை இடித்தது. வேகத்துக்கு வரம்பு வைத்து, மேல்பகுதிக்குப் படகுகள் போவதையும் நிறுத்திய பிறகுதான் அரிப்பு தணிந்தது.

கேள்வி: சூயஸ் கால்வாயில் 2021 மார்ச்சில் சிக்கிய எவர் கிவன் கப்பலும் இப்படித்தானா?

அது ஆறு அல்ல, கால்வாய். காற்று உட்படப் பல காரணங்கள் பேசப்பட்டன. இங்கே விரித்தால் ஆறு மறந்துபோகும்.

கேள்வி: கங்கையில் மேற்கு வங்கத்தின் மால்டா பக்கம் ஊர்களை ஆறு விழுங்குவதற்கு நீர்வழிப் போக்குவரத்துதான் காரணமா?

இல்லை. அங்கே ஆற்றின் போக்கே மாறிக்கொண்டிருக்கிறது. 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணைக்கு மேலே வண்டல் படிந்து ஓட்டம் இடக்கரையை நோக்கித் தள்ளப்படுவதை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகப் பேசிவருகிறார்கள். கப்பல் ஓடாத ஆறும் கரையைத் தின்னும். காரணத்தைத் தவறாகச் சொன்னால் நிவாரணமும் தவறான இடத்தில் போய் விழும். வீடிழந்தவர்களுக்கு அது இன்னொரு அநீதி.

கேள்வி: வேகம் என்று தட்டிக்கழிக்கிறீர்கள். ஐரோப்பாவின் ரைன் நதிக்கரை நெடுகக் கல் பாவியிருக்கிறார்களே, பெரிய கப்பல்களுக்கு அதுவே சாட்சி.

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆற்றின் குறுக்கு வெட்டில் பெரும்பங்கைக் கப்பலே அடைத்துக்கொண்டால் மெதுவாகப் போனாலும் நீர் இறங்கும். கப்பலின் அளவைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஆற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஆனால் ரைனின் கல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1817இல் பொறியாளர் யோகான் துல்லாவின் திட்டப்படி மேல்ரைனை நேராக்கத் தொடங்கினார்கள். வளைவுகளை வெட்டியதில் ஆறு சுமார் 80 கிலோமீட்டர் குறுகியது, ஓட்டம் விரைந்தது, படுகை ஆழமாக அரிக்கப்பட்டது. நேராக்கிய ஆற்றை அப்படியே நிறுத்திவைக்கவே கல் வேண்டியிருந்தது. கப்பல்கள் பெருகியது அதற்குப் பிறகு.

கேள்வி: குட்டநாட்டில் எங்கள் வரப்பு இடிகிறது. படகுவீடுகளா, வேகப்படகுகளா?

வேகப்படகுகளை முதலில் சந்தேகியுங்கள். உங்கள் வயல் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. வெளிவரப்பில் ஓரிடம் உடைந்தாலே பயிர் முழுவதும் போகும். கல் கட்டினால் அது முடியும் இடத்தில் அரிப்பு தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கரையோர நாணலை வெட்டாதீர்கள்.

கேள்வி: பெரிய கப்பலைத் தடை செய்தால் போதாதா?

மூன்றாம் முறை கேட்கிறீர்கள். மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன, தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: எங்கள் கரை எவ்வளவு தேய்கிறது என்று நாங்களே அளக்கலாமா?

தாராளமாக. முக்கால் மீட்டர் நீளத் துருப்பிடிக்காத கம்பியைக் கரைச்சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக, நுனி மட்டும் தெரியும்படி அடித்துவிடுங்கள். வெவ்வேறு உயரங்களில் நான்கைந்து அடியுங்கள். மாதம் ஒருமுறை வெளியே நீட்டிய நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். கடந்துபோன படகுகளின் எண்ணிக்கையையும் வெள்ளம் வந்த நாட்களையும் அதே பக்கத்தில் குறியுங்கள். படகு குறைந்த மாதத்தையும் நெரிசலான மாதத்தையும் ஒப்பிட அது போதும். அளக்கக் குனியும்போது முதுகுப்பக்கம் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டால் நோட்டை விட்டுவிட்டு மேலேறுங்கள்.