டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் முள் காலியில் நிற்கிறது, சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

டேங்க் நிரப்பிய பிறகும் ஃப்யூல் கேஜ் முள் காலியிலேயே கிடக்கிறது, சில சமயம் தானாகச் சரியாகிறது, மெக்கானிக் பம்ப்போடு சேர்த்து மொத்த அசெம்பிளியையும் மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் ஒரு மல்டிமீட்டரை (வோல்ட், ஓம்ஸ் அளக்கும் கருவி) எடுங்கள். பழுது டேங்குக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை டேங்கைத் திறக்காமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம், அந்த வேலையைத்தான் பலர் செய்யாமல் தாண்டிப் போகிறார்கள்.

பெரும்பாலான கார்களில் டேங்குக்குள் இருக்கும் இந்த ஃப்யூல் லெவல் சென்சார் ரொம்ப எளிமையானது. பெட்ரோலில் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் சின்ன உலோக விரல். மட்டம் ஏற இறங்க அந்த விரல் ஒரு ரெசிஸ்டர் அட்டையின் மேல் உரசிக்கொண்டே நகரும், ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) மாறும், முள்ளும் மாறும். வருடக்கணக்கில் உரசுவதால் தடம் தேயும். எரிபொருளில் உள்ள கந்தகம் வெள்ளி கலந்த தடங்களைக் கறுக்க வைக்கும். அதனால் அந்த இடத்தில் மட்டும் தொடர்பு விட்டுவிட்டு வரும். என் காரில் நடந்தது இதுதான்: டேங்க் பாதிக்கு வரும்போது முள் திடீரென்று காலிக்கு விழும், மேடு பள்ளத்தில் குலுங்கினால் திரும்ப ஏறும். குறிப்பிட்ட ஒரு மட்டத்தில் மட்டும் இப்படி ஆனால் சந்தேகம் நேராக அந்த அட்டை மேல்தான். மாறாக, ஹெட்லைட் போட்டால் அல்லது பிரேக் மிதித்தால் முள் ஆடுகிறது என்றால் எர்த் வயரைப் பாருங்கள், சென்சார் மேல் பழி போட வேண்டாம்.

ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி) கிடைத்தால் லைவ் டேட்டாவில் ஃப்யூல் லெவல் சதவீதத்தைப் பாருங்கள் (எல்லாக் கார்களிலும் வராது). ஸ்கேனரில் சரியான அளவு வந்து முள் மட்டும் தப்பாகக் காட்டினால் கோளாறு டேஷ்போர்டு மீட்டர் பக்கம்தான், டேங்கைத் தொடவே வேண்டாம். ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடுகளில் (கோட்) பி0460 என்பது சென்சார் சர்க்யூட்டில் பொதுவான பழுது, பி0461 அளவு நம்பும்படி இல்லை, பி0462 சிக்னல் ரொம்பக் குறைவு, பி0463 ரொம்ப அதிகம், பி0464 விட்டுவிட்டு வருகிறது. இதில் எதுவுமே "சென்சார் போய்விட்டது" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வயர் அறுந்தாலும் இதே குறியீடுகள் வரும்.

அப்புறம் மல்டிமீட்டர். சென்சாரின் வயர் கனெக்டர் பல கார்களில் பின் சீட்டுக்கு அடியில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டுக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, உள்ளே உள்ள உலோக பின் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு சென்சார் பக்கத்து இரண்டு பின்களுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸை ஓம்ஸில் அளவெடுங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் காலிக்கு ஓம்ஸ் அதிகம், சிலவற்றில் நிறைந்தால் அதிகம், எனவே உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். மல்டிமீட்டர் முடிவிலி காட்டினால் உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது. எண் சரியாக வந்தால், சென்சாருக்குப் பதிலாக வயர் பக்கத்தில் அந்த வரம்புக்குள் உள்ள ஒரு சாதாரண ரெசிஸ்டரை வைத்து இக்னிஷனைப் போடுங்கள். முள் உடனே ஓடாது, பெட்ரோல் அலைவதற்கெல்லாம் ஆடாமல் இருக்க அதை வேண்டுமென்றே மெதுவாக நகரும்படிதான் செய்திருப்பார்கள், கொஞ்சம் பொறுங்கள். அதற்கேற்ற இடத்துக்கு வந்தால் வயரும் டேஷ்போர்டு மீட்டரும் நன்றாக இருக்கின்றன, வராவிட்டால் தேட வேண்டியது வயரிங்கில். எந்தக் காரணத்துக்காகவும் சென்சாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள்.

பழுது உள்ளேதான் என்று உறுதியானால் மட்டும் டேங்க். இதில் அவசரம் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோடு தேங்கி நிற்கும், ஒரு சின்னப் பொறி போதும். திறந்த வெளியில் செய்யுங்கள். டேங்கில் பாதிக்கும் கீழே பெட்ரோல் இருக்கட்டும், பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டு லைன் அழுத்தத்தை இறக்குங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் எல்லாம் டேங்குக்குள் விழும். அசெம்பிளியை டேங்கோடு பிடித்திருக்கும் லாக் ரிங்கை இரும்பு உளியால் தட்டாமல் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள். அசெம்பிளி எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். இந்த ஏற்பாடுகளுக்கு வசதி இல்லையென்றால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், ஆனால் அளந்த எண்களோடு போங்கள்.

வெளியே எடுத்ததும் கம்பியை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி ஓம்ஸைப் பாருங்கள். தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும், நடுவில் எங்காவது துள்ளினால் தேய்மானம் அங்கேதான். மிதவையையும் ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறது. வெறும் கறுப்பு என்றால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் சில காலம் ஓடும், தடமே தேய்ந்திருந்தால் துடைப்பதில் பயனில்லை. பல மாடல்களில் பம்ப் இல்லாமல் சென்சார் பகுதி (sender unit) மட்டும் தனியாகக் கிடைக்கும், என் காருக்கு அதை மட்டும்தான் மாற்றினேன், பழைய பம்ப் இன்றும் ஓடுகிறது. மூடும்போது ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மட்டும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள், பழையது ஊறிப் பெருத்துப் பள்ளத்தில் சரியாக உட்காராது. மூடிவிட்டு இஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பாருங்கள், பிறகு ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழியுங்கள்.

வேலை முடியும் வரை ட்ரிப் மீட்டரை வைத்துக் கணக்குப் பார்த்து, டேங்க் அடிமட்டத்துக்குப் போகாமல் ஓட்டுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பதே அந்தப் பெட்ரோல்தான், அது வற்றி ஓடினால் இப்போது நன்றாக இருக்கும் பம்ப்பும் சேர்ந்து போய்விடும்.