ஆபீஸ் ரகசியக் காகிதங்களைப் பத்திரமாக அழிக்க ஊழியர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

காகிதத்தை வெட்டிப்போடும் ஷ்ரெட்டர் மெஷின் வாங்கி மூலையில் வைத்தாயிற்று, யாரும் தொடுவதில்லை, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கே நின்றவன்தான். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக மேனேஜர். ஆடிட்டர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது பட்டம் கேட்பார்கள்.

எங்கள் ஆபீசில் நான் போட்ட சட்டம் ஒன்று இருந்தது: ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளைத் தூக்கிப்போடக் கூடாது. பிரிண்டர் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. டிராஃப்ட் எல்லாம் அதிலிருந்து எடுத்த தாளின் பின்பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். மாதம் ரெண்டு ரீம் மிச்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன், வேறெப்படி இருப்பேன்?

2017, ஜி.எஸ்.டி. வந்த வருடம். ராத்திரி பத்து மணிக்கும் ஆபீசில் விளக்கு எரியும். மேல்விஷாரத்தில் ஷூ அப்பர் தைக்கிற யூனிட் வைத்திருக்கும் ஒரு பாய், கணக்கு டிராஃப்டை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளைத் திருப்பி என் மேசையில் வைத்தார்.

"இது என் மச்சான் பேங்க்ல வாங்கின கடன்தானே சார்? இவ்வளவு இருக்கறது எனக்கே தெரியாது. அப்போ என்னுது யார் வீட்ல இருக்கு?"

மச்சானுடைய ஓவர்டிராஃப்ட் பாக்கி, வட்டியோடு, பளிச்சென்று. மச்சானும் எங்களிடம் கணக்குப் பார்க்கிற கட்சிக்காரர்தான், அந்த மாதமே ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கட்சிக்காரர் விஷயத்தை அவர் சம்மதமில்லாமல் அடுத்தவருக்குத் தெரியவிடுவது, 1949ஆம் வருடத்துப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் முதலாவதாக நிற்கிற குற்றம். "பசங்க கவனிக்கல சார்" என்று ஆடிட்டரிடம் சொன்னேன். பெட்டியை வைத்தவன் நான் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு கிளாஸ் எடுத்தேன். அரை மணி நேரம், ரகசியம், சட்டம், நம்பிக்கை. எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால் குப்பைத்தொட்டியில் ஒரு பேன் கார்டு ஜெராக்ஸ், நாலாகக் கிழித்து. நாலு துண்டும் ஒரே தொட்டியில்!

பேச்சை விட்டுவிட்டுக் காட்டினேன். எங்களிடம் இருந்தது நீளக் கீற்றாக வெட்டுகிற மெஷின். குறுக்குவாட்டில், அதாவது தாளின் நீளத்துக்கு வரி ஓடும்படி, அச்சடித்த ஒரு லெட்ஜரை அதில் விடச் சொன்னேன். வரிகள் போகிற திசையிலேயே கத்தியும் போகிறது. வெளியே வந்த கீற்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி முழுசாக, பெயர், தேதி, தொகை எல்லாம் படிக்கிற மாதிரி. ஒரு பெண் கீற்றை எடுத்து வாய்விட்டுப் படித்தாள், யாரும் சிரிக்கவில்லை. குறுக்கேயும் வெட்டிப் பொடியாக்குகிற மெஷினுக்கு ஆடிட்டர் அன்றைக்கே பணம் கொடுத்தார். சின்ன மெஷின் என்றால் சில நிமிடம் ஓடியதும் சூடாகி நின்றுவிடும், ஆற விட வேண்டும், இதையும் சொல்லி வையுங்கள், ரிப்பேர் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

'எரித்துவிட்டால் போச்சு' என்பார்கள். ஒரு போகிக்கு மொட்டைமாடியில் எரித்தோம். கட்டாகப் போட்டால் ஓரம்தான் கருகும், நடுவில் நெருப்பு போகாது. காற்றடித்ததில் பாதி கருகிய சம்பளப் பட்டியல் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில்.

இப்போது பூட்டுப் போட்ட மரப்பெட்டி, மேலே ஒரு பிளவு. பசங்க 'உண்டியல்' என்பார்கள். எது ரகசியம், எது இல்லை என்று அவர்களை யோசிக்க விடுவதில்லை, அச்சான தாள் எதுவானாலும் உண்டியல். சனிக்கிழமை திறந்து நானும் ஒரு ஜூனியரும் வெட்டுவோம். ஃபைலில் இருப்பது மட்டும் என்னைக் கேட்காமல் போகாது. ஜி.எஸ்.டி. கணக்கு என்றால் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், ஆர்வத்தில் அதையும் வெட்டிவிடப் போகிறார்கள்.

இன்னொன்று, யாரும் இதை யோசிப்பதில்லை. பெருக்கும் அக்காவுக்குப் பழைய பேப்பர் போட்ட காசு ஆயுத பூஜைக்கு வரும். அதை நிறுத்திவிட்டு 'ஒத்துழைப்பு கொடுங்க' என்றால் எப்படி? அந்தக் காசை ஆபீசே கொடுக்கிறது. 'நாலு பேர் ஆபீசுக்கு இவ்வளவு எதுக்கு?' என்பவர்கள் மேல்விஷாரம் பாயைக் கேட்கட்டும்.

இவ்வளவும் பழக்கிவிட்ட பையன் என்ன செய்வான் தெரியுமா? பரீட்சை பாஸானதும் காட்பாடியில் ரயிலேறிப் பெங்களூர் போய்விடுவான். இந்த வருடம் மட்டும் ரெண்டு பேர். சரி, அது வேறு கதை.

பாய் இன்னும் எங்களிடம்தான் கணக்குப் பார்க்கிறார். டிராஃப்ட் கொடுத்தால் முன்பக்கம் படிப்பதற்கு முன்னால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.