சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டனுக்கு: அனைத்துலக உறவுகள் முதுகலை

தங்கச்சி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறாய், வரலாற்றில் இளங்கலை முடித்திருக்கிறாய், அனைத்துலக உறவுகளில் முதுகலை படிக்க லண்டன் வரலாமா என்று கேட்டிருந்தாய்.

எந்த வேலைக்காகப் படிக்கிறாய் என்பதை முதலில் முடிவு செய். விஸ்மா புத்ரா, அதாவது நம் வெளியுறவு அமைச்சுதான் ஆசை என்றால் முதுகலையே வேண்டாம். நிர்வாக, அரசதந்திர அதிகாரி வேலைக்கு இளங்கலைப் பட்டமும் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியில் கிரெடிட்டும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வுதான் சல்லடை. அதற்காக அப்பாவின் இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் கை வைக்காதே. ஐ.நா.வில் பி-2 என்ற இளநிலை அதிகாரி வேலைக்குத்தான் பொதுவாக முதுகலையும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள்.

இங்கே படிப்பு ஓராண்டு, கோடை முழுக்க ஆய்வேடு. நடுவில் பயிற்சி வேலைக்கு நேரமே இருக்காது. அமெரிக்காவில் இரண்டு ஆண்டு. இடையில் ஒரு கோடை கிடைக்கும், செலவும் அதற்கேற்ப ஏறும். சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் உள்ள ராஜரத்தினம் அனைத்துலக ஆய்வுப் பள்ளியை ஏன் யோசிக்காமல் விட்டாய்? அதுவும் ஓராண்டுதான், பஸ் ஏறினால் வீடு. அந்தப் பெயருக்குரியவர், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினமும் நம் சிரம்பானில் வளர்ந்தவர்தான்.

பலரும் சறுக்குவது நோக்கக் கட்டுரையில். ‘உலக அமைதிக்கு உழைக்க விரும்புகிறேன்’ என்ற வரியைப் படித்துப் படித்துத் தேர்வாளர்களுக்குச் சலித்துப்போயிருக்கும். உன் வாசலிலேயே செம்பனை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் செம்பனை எண்ணெயில் செய்யும் எரிபொருளை ஒதுக்கி வைத்ததை எதிர்த்து மலேசியா 2021-ல் உலக வணிக அமைப்புக்குப் போனது. 2024 மார்ச்சில் வந்த அறிக்கையை இரு தரப்புமே தமக்குச் சாதகம் என்றன. ஏன் என்று இரண்டு பத்தியில் உன்னால் விளக்க முடிந்தால் அதுவே கட்டுரை. 1948 ஜூன் 16-ல், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த மலாயா அவசரகாலத்துக்குத் திரி கொளுத்திய கொலைகள் நடந்ததும் உன் ஊர்த் தோட்டங்களில்தான். வரலாறு படித்தவள் அதை விடலாமா? பரிந்துரைக் கடிதத்தை உன் கட்டுரைகளைத் திருத்திய விரிவுரையாளரிடம் வாங்கு. சட்டமன்ற உறுப்பினர் கடிதம் எடுபடாது. கணக்கைக் கண்டால் ஓடுகிறவள் என்றால், இப்போதே அடிப்படைப் பொருளாதாரமும் புள்ளியியலும் படி.

பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படிப்பு தொடங்கும் செப்டம்பருக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, அக்டோபர் வாக்கில், விண்ணப்பம் மூடிவிடும். முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும்.

சொந்தப் பணம் என்றால், மாணவர் விசாவுக்காகக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். மலேசியர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்காமலும் விடுவார்கள். அதை நம்பி இராதே. விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுன். முழு 12 மாதப் படிப்புக்கு விசா அதையும் தாண்டி நான்கைந்து மாதம் நீளும், அதற்கும் பாதி சேர்த்து 1,164 ஆகும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. விசாவுக்குக் கேட்கும் காசநோய்ப் பரிசோதனையை பிரிட்டன் அங்கீகரித்த நிலையத்தில்தான் எடுக்க வேண்டும்; பக்கத்துக் கிளினிக் எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், ஆகவே சீக்கிரமே எடுத்து வைத்துக்கொள்ளாதே.